கை மாறும் சமாதானம்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஒருவர் எந்தச் சபை என்பதை அவருடைய தாத்தாவின் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். திருநெல்வேலி என்றால் பெரும்பாலும் ஆங்கிலிக்கன். மதுரை என்றால் அமெரிக்க மிஷன். நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன், தரங்கம்பாடி என்றால் லுத்தரன். யாரும் வேதத்தை ஆராய்ந்து தேர்ந்துகொண்டது இல்லை இது. மிஷன் சங்கங்கள் ஜில்லா ஜில்லாவாக எல்லை பிரித்துக்கொண்டன. அந்த எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு அந்த மிஷனின் சபைதான் சபை. திருநெல்வேலி வாத்தியார் ஒருவர் மதுரைக்கு மாற்றலாகிப் போனால், அங்கே திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்பதே அன்று ஒரு பிரச்சினை. சண்டை மூண்டது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும். அதற்கு வாரிசானது நாம்.

இதைப் பொறுக்க முடியாமல் போனவர்கள் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடினார்கள். அவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அன்று தொடங்கிய சபை இணைப்புப் பேச்சு 28 ஆண்டுகள் இழுத்தது. ஆங்கிலிக்கன் சபைக்குப் பேராயர் இல்லாமல் குருப்பட்டம் கிடையாது. மற்றவர்களுக்கோ பேராயர் என்றாலே கசப்பு. இடியாப்பச் சிக்கல்தான். கடைசியில் கண்ட வழி எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிறது. இனிமேல் பட்டம் பேராயர் கையால்தான். ஆனால் ஏற்கெனவே பட்டம் பெற்றவர் யாருக்கும் மறுபட்டம் கிடையாது, எல்லாரும் எல்லாருடைய ஊழியர்களே. இந்த இரண்டுங்கெட்டான் நிலை முப்பது ஆண்டு நீடிக்கட்டும், அதன்பின் சபையே முடிவெடுக்கும். சந்தேகம் தீர்ந்தபின் சேரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்துகொண்டு, சந்தேகத்துக்கு அவகாசம் கொடுத்தார்கள்.

1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயம். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு தினத்தன்றே காலமாகிவிட்டார். லுத்தரன்கள் வெளியே நின்றுகொண்டார்கள். இங்கிலாந்தில் சிலருக்கு இந்த இணைப்பே பெரிய எரிச்சல்.

அந்த இணைப்பின் சாசனத்தைவிட, அதற்குப் பின் வந்த ஒரு சின்னச் சடங்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1950இல் புதிய திருச்சபை தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை அமைத்தபோது, கேரளத்துச் சிரியன் சபைகளில் வழங்கிவந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆயர் பீடத்தருகே தொடங்கிவைக்கும் சமாதானம், உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, முன்வரிசையிலிருந்து ஆள் ஆளாகப் பின்வரிசைக்குப் போகும். அப்பமும் ரசமும் அதற்குப் பிறகுதான். தொடுவதற்கே கணக்குப் பார்த்த ஊரில் இது லேசுப்பட்ட காரியமல்ல. இப்போது பல இடங்களில் கும்பிடு போட்டு முடித்துவிடுகிறோம். கொரோனா அதற்கு நல்ல சாக்கு.

எங்கள் சேகரத்தில் ஒரு கமிட்டித் தேர்தல் நடந்தது. ஒருவரைத் தோற்கடிக்க நான் வீடு வீடாகப் போனேன். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு அவர் என் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். சமாதானம் அவர் கை வழியாகத்தான் எனக்கு வர வேண்டியிருந்தது. வந்தது. எங்களுக்குள் கருத்து எதுவும் மாறவில்லை, சிநேகிதமும் முளைக்கவில்லை. சிநேகிதரை நாம் தேடிக்கொள்கிறோம். சபையில் பக்கத்தில் இருப்பவர் நமக்குக் கொடுக்கப்படுகிறார். விசுவாசம் தரும் ஒருமைப்பாடு என்று நான் கண்டது இவ்வளவுதான்: பிடிக்காதவர் கையிலிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டிய ஓர் இடத்தில் வாரம் தவறாமல் போய் உட்காருவது. அன்பு பெருக்கெடுத்து ஓடுவதைப் பற்றிப் பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் சொட்டுச் சொட்டாகத்தான்.

ஆனால் ஒன்றை மழுப்பக் கூடாது. நாம் கலைத்தது இரவல் வாங்கிய பிரிவினையை. அதில் நம் வீட்டுக் கௌரவமோ நிலபுலனோ மாட்டியிருக்கவில்லை. சொந்தமாக வளர்த்த பிரிவினையின் கதை வேறு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாக ஜனங்கள் நிற்க, நடுவில் சுவரே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவானவர் அதை இடித்தார். சுவர் வேண்டும் என்று மேல்சாதிக்காரர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். கோவில் சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அசரியா இதை அறிந்தவர். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், இந்தியரோடு சமமாகப் பந்தியில் அமராத வெள்ளைக்கார மிஷனரிகளை முகத்துக்கு நேராகக் கேட்டவர், தோர்ணக்கலில் மாலா, மாதிகா சாதி மக்களுக்குள்ளும் அதே பந்திக் கேள்வியைச் சந்திக்க வேண்டியிருந்தது.

பந்தியில் நாம் ஓரளவு தேறிவிட்டோம் என்பேன். எங்கள் ஊர் அசன விருந்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இப்போது யாரும் பார்ப்பதில்லை. கல்யாண ஓலை வாசிக்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. மூன்று ஞாயிறு ஆயர் பெயர்களை வாசிக்கிறார். மாப்பிள்ளை லுத்தரன், பெண் சி.எஸ்.ஐ. ஒரு காலத்தில் இதற்கே கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும்; இன்று கூட்டத்தில் ஒரு தலை திரும்பாது. இரண்டு வீடும் ஒரே சாதி என்பது எல்லாருக்கும் தெரியும். சாதி மாறிய ஜோடிகளின் ஓலையை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் அதற்கு முன்பே ரெஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள்.