லைவ் போகுமுன் அளந்துவிடுங்கள்

டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் பொறுப்பேற்ற தோழர்களே, "லைவ் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். போன பிறகு உங்களுக்கு நேரம் இருக்காது. டிஸ்க்கைத் தொட அனுமதியும் கிடைக்காது. சர்வர் காலியாக இருப்பது இந்தச் சில நாட்கள்தான்.

அளப்பதை நேர்மையாக அளந்துவிடுங்கள். 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் 4 ஜிபி ஃபைலை ஓட்டிவிட்டு டிஸ்க் வேகம் என்று எழுதாதீர்கள். நீங்கள் அளந்தது ரேமை. அதைப்போல் இருமடங்கு தரவையாவது ஏற்றுங்கள். புது எஸ்எஸ்டி முதல் சில நிமிடம் காட்டும் வேகத்தில் மயங்காதீர்கள். முழுக்க எழுதி நிரப்பி, வேகம் இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை ஓடவிடுங்கள்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒரே கனெக்‌ஷனில் ஒவ்வொன்றாகக் கமிட் செய்தால் சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் ஏற வழியில்லை. அங்கே போஸ்ட்கிரஸின் பிஜிபெஞ்ச் சோதனை நொடிக்கு 2000 கமிட் என்று காட்டுகிறதா? கைதட்டாதீர்கள், கலங்குங்கள். டிஸ்க்குக்குப் போகாததைப் போய்விட்டதாக நடுவில் ஏதோ ஒன்று சொல்கிறது. கன்ட்ரோலரின் பேட்டரி கேஷ் என்றால் அது நியாயமான வேகம். டிஸ்க்கின் சொந்தக் கேஷ் என்றால், கரன்ட் போன கணமே யாரோ கட்டிய பணத்துக்குக் கணக்கு இல்லை. ஆகவே தரவு ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். கமிட் ஆனதாகச் சர்வர் சொன்ன ஒவ்வொரு பதிவும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

இடம் மிச்சம் என்று ரெய்டு 5 போட்டவர்களே, ஒவ்வொரு சிறு எழுதலுக்கும் இரண்டு ரீட், இரண்டு ரைட் ஆகிறது. ரெய்டு 10இல் இரண்டு ரைட்டோடு முடியும். ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டும் அளந்து பாருங்கள், ரீபில்ட் ஓடும்போதும் அளந்து பாருங்கள். பழுது வரும் நாளிலும் மக்கள் வருவார்கள். இஎக்ஸ்டி4ஆ, எக்ஸ்எஃப்எஸ்ஸா என்ற ஃபைல் சிஸ்டம் சண்டையில் பொழுதைக் கழிக்காதீர்கள். உங்கள் லோடை இரண்டிலும் ஓட்டினால் தெரிந்துவிடும்.

எழுத முடியாமல் போன பிழையை லினக்ஸ் ஒருமுறை சொல்லிவிட்டு, தரவை டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் அடுத்த எஃப்சிங்க்குக்குச் "சரி" என்று பதில் தரக்கூடும் என்பதை போஸ்ட்கிரஸ் உருவாக்குநர்கள் 2018இல்தான் உணர்ந்தார்கள். அதன்பின், அப்படிப் பிழை வந்தால் சர்வரே நின்று, லாகிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். அவர்களே இத்தனை ஆண்டு நம்பி ஏமாந்தார்கள் என்றால், அளக்காமல் நம்ப நாம் யார்?

லைவ் தேதியை ஒரு வாரம் தள்ளக் கேளுங்கள். மறுத்தால், "அளக்காமல் போகிறோம்" என்று மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்றே கேளுங்கள்.