கை ஓய்ந்த நேரம்

வீட்டுப் பெண்களுக்கு, அதிலும் கிராமத்துப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் கிடைக்க வேண்டும். 2006 தேர்தலுக்குப் பிறகு அமைந்த திமுக அரசு, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுத்ததற்குச் சொன்ன காரணம் இது. மக்கள் வரிப்பணத்தில் டிவி வாங்கிக் கொடுப்பது பொது நோக்கம் ஆகுமா என்று ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவரின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இலவசம் சரியா தவறா என்று பட்டிமன்றங்கள் எத்தனையோ நடந்துவிட்டன. அரசு சொன்ன காரணத்தைப் பற்றி அவற்றில் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. பெண்ணுக்கு அரிசி கொடுக்கலாம், சேலை கொடுக்கலாம், அடுப்பு கொடுக்கலாம். அவள் சும்மா உட்கார்ந்து எதையாவது பார்த்துச் சிரிப்பதற்கும் அரசு செலவு செய்யலாமா? அந்தப் பெட்டியைக் கேலி செய்த பலருக்கு உள்ளூர உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். 2011இல் ஆட்சிக்கு வந்த அதிமுக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மிக்சியும் கிரைண்டரும் வேலையைச் சுலபமாக்கும். டிவி எந்த வேலையையும் குறைக்காது. வேலை போக மிச்சமாக அவளுக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்ட பொருள் அது. அந்த நேரம் உண்மையில் இருக்கிறதா?

நான் இருப்பது கருங்குழியில். வள்ளலார் வாழ்ந்த, வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். இது மதுராந்தகத்தை ஒட்டி, ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் பேரூராட்சி. அரசு கொடுத்த குண்டு டிவிகள் எங்கள் தெருவில் இப்போது பரணில்கூட இல்லை. சுவரில் தட்டை டிவி இருக்கிறது. அதைத் தவிர ஆளுக்கொரு போன். இரவு எட்டு மணிக்குப் பையன் மொட்டை மாடியில் விளையாட்டு ஆடுகிறான். அப்பா கட்டிலில் படுத்து யூடியூப் பார்க்கிறார். மகள் காதில் ஹெட்செட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். கூடத்தில் சீரியல் ஓடுகிறது. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். ரிமோட்டுக்குச் சண்டையே இல்லை.

சண்டை இல்லாத இடத்தில் நியாயம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ‘சித்தி’ வந்தபோது, எத்தனையோ வீடுகளில் பெண்கள் தினமும் அரை மணி நேரத்தைப் போராடி வாங்கினார்கள். கிரிக்கெட்டோடும் செய்தியோடும் மல்லுக்கட்டி வாங்கிய நேரம் அது. ‘சீரியல் பைத்தியம்’ என்று கேலி பேசினார்கள். கேலி பேசிக்கொண்டே, அந்த அரை மணி நேரம் முடியட்டும் என்று சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அது அவளுடைய நேரம் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது. இன்று டிவி முழுக்க அவளிடம்தான் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். விட்டுக்கொடுப்பது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு.

போனுக்கு ஒரு கையும் இரண்டு கண்ணும் வேண்டும். மீன் கழுவிய கையால் அதைத் தொட முடியாது. டிவிக்குக் கை வேண்டாம், கண்கூட எப்போதாவது போதும். சீரியலை முதுகைக் காட்டி நின்று கேட்டுப் பாருங்கள். பாத்திரங்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லி அழைப்பார்கள், நேற்று நடந்ததை இன்று திரும்பச் சொல்வார்கள், அதிர்ச்சி வரும்போது இசை இடித்துச் சொல்லும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதையைத் தவறவிடாமல் இருக்கலாம். எங்கள் வீடுகளில் யாருக்கு எந்தத் திரை என்பதை முடிவு செய்வது ரசனை மட்டும் இல்லை, யாருடைய கை சும்மா இருக்கிறது என்பதும்தான். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம்.

இன்னொன்றும் உண்டு. டிவி பார்க்கும் பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால், “யார்கிட்ட பேசுற?” என்ற கேள்வி வரும். என் மாணவிகளில் பலருடைய போன் பூட்டுக்கு வீட்டில் எல்லாரிடமும் சாவி இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம்.

பக்கத்து வீட்டு அக்கா நடவு வேலைக்குப் போகிறவர். இத்தனை சத்தமாக எதற்கு டிவி என்று கேட்டேன். “அது பேசிக்கினு இருந்தா வீட்ல ஆளுங்க இருக்கிற மாதிரி இருக்கும் டீச்சர்” என்றார். அவர் அதைச் சொன்னபோது வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஒரே டிவி இருந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அப்போதும் பெரும்பாலும் ரிமோட் ஆண் கையில்தான் இருந்தது. தனி அறை கிடைக்காத பெண்ணுக்குப் போன் ஓர் அறையாக இருக்கிறது. அதை யாரும் பிடுங்கக் கூடாது. ஆனால் ஓய்வை அளக்கத் திரைகளை எண்ணிப் பயனில்லை. உங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு யாரைக் கூப்பிட்டால் உடனே எழுந்து வர வேண்டும், யாரைக் கூப்பிட்டால் “இரு, வரேன்” என்று சொல்லலாம் என்று பாருங்கள். “இரு, வரேன்” என்று சொல்ல முடிகிற நேரம்தான் ஓய்வு.

அரசு ஒரு பெட்டியைக் கொடுக்கலாம், கொடுத்தது. அந்த அரை மணி நேரத்தில் அடுப்பிலிருந்து குழம்பை யார் இறக்குவது என்று அரசாணை போட முடியாது. அதை வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டும். பேசினால் சண்டை வரும் என்றால், வரட்டும்.