பகலில் அருந்ததி

நம் வீட்டுக் கலியாணங்களில் அம்மி மிதித்து முடிந்ததும், மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து, உச்சி வெயிலில் வடதிசை வானத்தைச் சுட்டிக்காட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று புரோகிதர் கேட்பதும், கண் கூச நிமிர்ந்து பார்த்த மாப்பிள்ளை சிறிதும் தயங்காமல் "தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் திரும்புவதும் நாம் பலமுறை பார்த்துப் பழகிய காட்சி. அந்தப் பதிலைப் பொய் என்று ஒருவரும் குறை கூறுவதில்லை. பந்திக்கு நேரமாகிவிட்டது என்ற சர்வசம்மதமான உண்மையை அது வேறொரு விதமாக ஒப்புக்கொள்கிறது.

இரவிலே மெய்யாகவே அருந்ததியைக் காட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் முன்னோர் ஓர் உபாயம் கண்டிருந்தார்கள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாய் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு நட்சத்திரத்தில் பழகாத கண் எடுத்த எடுப்பில் போய் நிற்காதாகையால், அதற்கு அண்மையிலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டி "இதுதான் அருந்ததி" என்று முதலில் சொல்லிவிடுவது. பார்வை அங்கே நிலைத்த பிறகு, "இது இல்லை, இதன் அருகே இருக்கிறதே, அது" என்று முன் சொன்னதை மறுத்து, நுட்பமானதைக் காட்டுவது. ஸ்தூலாருந்ததி நியாயம் என்று பெயர் பெற்ற இந்த முறையைச் சங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் எடுத்தாள்கிறார். ஒருவன் கண்டு களித்த ஒன்றை, அதைக் காணாத மற்றொருவனுக்குச் சொல்லினாலே காட்ட முடியுமா என்ற கேள்வி வேதாந்திகளுக்குப் பெரிய கேள்வி. அவர்களுக்கு அது பிரம்மத்தைப் பற்றியது. எனக்கோ, சொல்லவே சற்றுக் கூச்சமாயிருக்கிறது, அது ஒரு நிரல்மொழியைப் பற்றியதாக வந்து சேர்ந்தது.

அந்த மொழிக்கு லிஸ்ப் என்று பெயர். வருஷக்கணக்கில் அதனோடு பழகி, அதன் அழகில் ஈடுபட்டு, பிழைப்புக்காக வேறு மொழிகளில் எழுதிக்கொண்டிருந்தபோதும் மனத்தை அதனிடமே விட்டு வைத்திருந்தவன் நான். கல்லூரியில் சேர்ந்திருந்த என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்த சமயம், நிரல் எழுதப் பழகுவதற்கு எந்த மொழி நல்லது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். இதற்காகவே பல நாள் காத்திருந்தவனைப் போல, லிஸ்பில் நிரலும் தரவும் ஒன்றே என்றும், அம்மொழி தன்னைத் தானே விவரித்துக்கொள்ள வல்லது என்றும், அதை அறிந்தவன் மற்ற மொழிகளையெல்லாம் வேறு கண்கொண்டு பார்ப்பான் என்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை தெரிந்தது. "புரிகிறது மாமா" என்றான். பிறகு, நான் உற்சாகமாய் எழுதிக் காட்டிய நிரலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அடைப்புக்குறியா, புள்ளிக் கோலமா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் கேட்டதில் தவறில்லை. லிஸ்பை முதன்முறை பார்க்கிறவர் கண்ணில் படுவது அடைப்புக்குறிகளின் கூட்டமே. அந்த மொழியின் பெயரை அதை வைத்தே விரித்துக் கேலி செய்வோர் அமெரிக்காவில் இரண்டு தலைமுறையாக உண்டு. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் குறிகள் நிலைத்து நிற்பதற்காக வைக்கப்பட்டவையே அல்ல. 1958-ல் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி இந்த மொழியை உருவாக்கத் தொடங்கியபோது, மனிதர் எழுதுவதற்கென்று கணித நூல்களின் சாயலில் ஒரு வடிவமும், யந்திரத்துக்குள்ளே பட்டியல்களைக் குறிப்பதற்கென்று அடைப்புக்குறி வடிவமும் தனித்தனியே இருக்கட்டும் என்பதே அவர் உத்தேசம். முதலாவது வடிவம் முழுமை பெறவில்லை. கலியாணத்துக்குப் போட்ட பந்தல் வீடாகவே நிலைத்துவிட்டதைப் போல, இரண்டாவதே மொழியாகிவிட்டது.

தற்செயலாய் நேர்ந்தவை இப்படி இன்னும் உண்டு. அக்காலத்து ஐ.பி.எம். 704 என்ற யந்திரத்தில் ஒரு நினைவகச் சொல்லுக்கு 36 துணுக்குகள். அதற்குள் முகவரிப் பகுதி என்றும் குறைப்புப் பகுதி என்றும் 15 துணுக்குகள் கொண்ட இரண்டு அறைகள். பட்டியலின் தலையை எடுத்துக் கொடுப்பதற்கும், தலை போக எஞ்சிய வாலை எடுத்துக் கொடுப்பதற்கும் இடப்பட்ட 'கார்', 'குடர்' என்ற பெயர்கள் அந்த இரண்டு அறைகளில் இருப்பது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்களின் சுருக்கங்களே. யந்திரம் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர்கள் மாத்திரம் மரபாகி நிற்கின்றன. தமிழ்க் காதுக்கு இரண்டாவது பெயர் வயிற்றுக்குள் இருப்பதை நினைவூட்டுவதும் பொருத்தம்தான், பட்டியலை உருவினால் வருவது அதுவே.

லிஸ்ப் என்ற பெயரும் பட்டியலைக் கையாளுதல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். அதில் எல்லாமே பட்டியல். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லும் கட்டளை (+ 2 3) என்று எழுதப்படுகிறது. அதுவே, வேறு விதமாகப் பார்த்தால், ஒரு கூட்டல் குறியும் இரண்டு எண்களும் வரிசையாய் நிற்கும் மூன்று உறுப்புள்ள பட்டியல். கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதிக்குத் தமிழில் 'நிரல்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை என்று இலக்கணத்தார் ஓர் அணியையே வகுத்திருக்கிறார்கள். மற்ற நிரல்மொழிகளுக்கு ஆகுபெயராய் நிற்கும் இந்தச் சொல், லிஸ்புக்கு மட்டும் உள்ளபடியே பொருந்துகிறது.

இனி, என் பிரசங்கத்தில் நான் பகலில் காட்டிய அந்த அருந்ததி என்ன என்பதைச் சொல்ல வேண்டும். 'மரம் நிழல் தருகிறது' என்று ஒருவர் சொன்னால் நம் எண்ணம் தோப்புக்குப் போகிறது. 'மரம் என்பது பெயர்ச்சொல்' என்று சொன்னாலோ எண்ணம் தோப்புக்குப் போகாமல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. 'என்பது' என்ற அந்தச் சொல் பொருளை நோக்கி ஓடும் மனத்தைக் கடிவாளம் பிடித்து நிறுத்துகிறது. மொழியைப் பற்றி மொழியாலேயே பேசத் துணிந்த எவருக்கும் இந்தக் கடிவாளம் இல்லாமல் முடியாது. பாணினி தம் இலக்கணத்தின் தொடக்கத்திலேயே இதற்கென ஒரு சூத்திரம் செய்து, இந்நூலில் ஒரு சொல் வந்தால், அது பரிபாஷைப் பெயராய் இல்லாத பட்சத்தில், தன் உருவத்தையே குறிக்கும் என்று விதித்துவிட்டார். அதாவது உலக வழக்கில் கேளாமலே பொருள் வருகிறது, அவர் நூலில் கேளாமலே சொல் வருகிறது. லிஸ்பில் இந்த வேலையைச் செய்வது ஓர் ஒற்றை மேற்கோள் குறி. (+ 2 3) என்று கொடுத்தால் யந்திரம் 5 என்கிறது. முன்னே அந்தச் சின்னக் குறியை இட்டு '(+ 2 3) என்று கொடுத்தால், கூட்டாமல், கொடுத்த பட்டியலை அப்படியே திருப்பித் தருகிறது. முதலாவது செயல், இரண்டாவது, செயலைப் பற்றிய சொல். அந்தச் சொல்லை எடுத்து அறுக்கலாம், ஒட்டலாம், தலையை மாற்றலாம், மாற்றிய பின் 'ஈவல்' என்ற சார்பிடம் கொடுத்து மீண்டும் செயலாக்கலாம். நிரல் எழுதும் நிரல் என்று லிஸ்ப் அபிமானிகள் கண்களை அகல விரித்துக்கொண்டு சொல்வதன் உட்பொருள் இவ்வளவே.

ஈவல் என்பதை மெக்கார்த்தி எழுதியதற்கு முதற்காரணம் தத்துவ நாட்டம். கணிக்கத் தக்கது எது என்பதை வரையறுக்க டூரிங் கற்பித்த யந்திரத்தைவிடத் தம் மொழி செம்மையான சாதனம் என்று நிறுவ விரும்பிய அவர், எந்த லிஸ்ப் நிரலையும் ஏற்று அதன் மதிப்பைச் சொல்லவல்ல ஒரு சார்பை லிஸ்பிலேயே எழுதிக் காட்டினார். 1960-ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில் அது இருக்கிறது, அச்சில் ஒரு பக்கத்துக்குமேல் போகாது. சார்புகளைக் குறிக்கும் லாம்டா என்ற எழுத்தை அலோன்ஸோ சர்ச் என்ற தர்க்க அறிஞரிடமிருந்து எடுத்துக்கொண்டவர், அந்த அறிஞரின் நூலில் மீதிப் பகுதி தமக்கு விளங்கவில்லை என்று பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு மொழியின் முழு ஸ்வரூபமும் அந்த மொழியிலேயே ஒரு பக்கத்தில். இதைக் கண்டு பரவசமடைந்து, பிரபஞ்ச ரகசியத்தின் ஓரம் கையில் அகப்பட்டுவிட்டதைப் போலப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் சில காலம் பேசியிருக்கிறேன். விரல் நுனி தன்னைத் தானே தொட முடியாது, கத்தி தன்னைத் தானே வெட்டாது என்று நம் தர்க்கிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்களே, இதோ ஒன்று தன்னைத் தானே அறிகிறதே என்று அந்த நாளில் எனக்கு ஒரு மயக்கம். அது மயக்கம்தான் என்று தெளிந்தது, ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரின் கதையைப் படித்த பிறகு. மெக்கார்த்தியிடம் உதவியாளராயிருந்த இந்த இளைஞர், காகிதத்திலிருந்த ஈவலைப் பார்த்துவிட்டு, இதை யந்திர மொழியில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்டாராம். அது படிப்பதற்காக எழுதியது, ஓட்டுவதற்காக அன்று, தத்துவத்தையும் நடைமுறையையும் நீ குழப்பிக்கொள்கிறாய் என்று மெக்கார்த்தி சிரித்தாராம். ரஸ்ஸல் கேளாமல் உட்கார்ந்து, வரி வரியாய்த் தம் கையாலேயே அதை 704-இன் கட்டளைகளாக மாற்றினார். லிஸ்ப் என்ற மொழி ஓடத் தொடங்கியது அப்போதுதான். தன்னைத் தான் விவரித்த அந்தப் பக்கம், எவ்வளவு பூரணமாயிருந்தாலும், தன்னைத் தான் நடத்திக்கொள்ளவில்லை. லிஸ்ப் அல்லாத ஒன்றின் மேல், லிஸ்ப் அல்லாத ஒருவர் கையால் அது ஊன்றப்பட வேண்டியிருந்தது. தமிழுக்குத் தமிழிலேயே இலக்கணம் இருக்கிறது. அந்த இலக்கணத்தைக் கொண்டு தமிழ் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முன்னதாகத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், தாய்மடியில்.

என் பிரசங்கம் ஏன் பலிக்கவில்லை என்பதற்குக் காரணமும் அங்கேயே கிடைத்தது. நான் மருமகனிடம் கொடுத்தது ஈவல். அதை ஓட்டுவதற்கு வேண்டிய 704 அவனிடம் இல்லை. அன்பர்கள் எல்லாரும் செய்யும் பிழை இது: பாதையின் முடிவில் தமக்கு வாய்த்ததைப் பாதையின் வாசலிலேயே விநியோகிக்கப் பார்ப்பது. கேட்கிறவன் மதியாவிட்டால் அவனுக்கு அதிகாரம் போதவில்லை, பக்குவமில்லை என்று சொல்லிவிட்டுச் சபையைச் சுருக்கிக்கொள்வது இதன் அடுத்த படி. லிஸ்ப் அபிமானிகளிடத்தில் இந்த வைதிக கர்வம் நிறையவே உண்டு. வேறு சிலர் பிரயோஜனத்தைச் சொல்லி இழுக்கப் பார்ப்பார்கள். 1999-ல் 'டீப் ஸ்பேஸ் 1' என்ற விண்கலத்தைச் சில நாள் தானாகவே இயக்கிய நிரல் லிஸ்பில் எழுதப்பட்டதையும், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் அது திகைத்து நின்றபோது பூமியிலிருந்தே அதனோடு உரையாடிப் பிழையைக் கண்டுபிடித்ததையும் சொல்வார்கள். உண்மைதான், கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் விண்கலத்துக்காக யாரும் ஒரு மொழியைக் காதலிப்பதில்லை. ஏபெல்ஸனும் ஸஸ்மனும் 1985-ல் வெளியிட்ட பாடநூலால் லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீமில் ஒரு தலைமுறைக்கே பயிற்சி அளித்த அதே மாஸாசூஸெட்ஸ் கழகம், பின்னாளில் அறிமுகப் பாடத்தைப் பைதானுக்கு மாற்றிக்கொண்டது. பிரயோஜனத்தை நம்பி வந்தவர்கள் பிரயோஜனத்தோடு போய்விடுவார்கள்.

பிரசங்கம் முடிந்து நாலைந்து நாள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம், கடைக்குப் போவதற்காகத் தமக்கை சொல்லியனுப்பிய சாமான்களை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் என் மேஜைப் பக்கம் வந்தான். கணினியில் ஸ்கீம் திறந்திருந்தது. "பட்டியல் பட்டியல் என்றீர்களே மாமா" என்று சொல்லி, விளையாட்டாக (அரிசி பருப்பு புளி) என்று தட்டினான். அந்த ஸ்கீம் கடைசி உறுப்பிலிருந்து மதிப்பிட்டு வரும் சுபாவமுடையது. ஆகையால், புளி என்பது எதனோடும் கட்டப்படாத பெயர் என்று ஆங்கிலத்தில் முறையிட்டது.

"புளிக்குப் பந்தம் இல்லையாம் மாமா. முக்தி அடைந்துவிட்டது போலிருக்கிறது."

"நீ சொன்னதை அது சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை, செய்யப் பார்க்கிறது. முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டுப் பார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

போட்டான். பட்டியல் அப்படியே திரும்பி வந்தது. கார் கேட்டான், அரிசி வந்தது. குடர் கேட்டான், பருப்பும் புளியும் வந்தன. சற்று நேரம் விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவன், நான் சொல்லாமலே, அன்று நான் எழுதிக் காட்டிய கூட்டலை மேற்கோள் குறியோடு தட்டி, அதன் காரைக் கேட்டான். கூட்டல் குறி வந்தது. அவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். தலையை நீக்கினான், பெருக்கல் குறியை அந்த இடத்தில் ஒட்டினான், ஈவல் எப்படி என்று என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டான், சொன்னேன். 6 என்று வந்தது. அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பட்டியல்களை நுழைத்து, அவற்றின் தலைகளை மாற்றி மாற்றி வைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வெளியே இருட்டியதும், நான் எழுந்து விளக்கைப் போட்டதும் அவனுக்குத் தெரியவில்லை.

"புளி வாங்கிவிட்டாயாடா?" என்று உள்ளேயிருந்து தமக்கையின் குரல் வந்தது.

"பட்டியலில் இருக்கிறது அம்மா" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.