சுவடிப் பயிற்சியும் இணையவழிக் கல்வியும்: மதிப்பெண்ணின் அறம்

செய்முறைப் பாடத்திற்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் எதற்குச் சான்று கூறுகிறார் என்னும் வினா, 2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு நடப்புக்கு வந்த பின்னரே பலருக்கும் எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், செய்முறைத் தேர்வுகளை ஸ்கைப் முதலிய செயலிகள் வழி நடத்தலாம் என இசைவளித்தன. அறிவியல் துறைகளுக்கே உரியதாகக் கருதப்படும் இச்சிக்கல் தமிழ்த்துறைக்கும் உண்டு. சுவடியியல் பயிற்சியை முன்வைத்து அதனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். சொற்களுக்கிடையே வெளி இராது. இவற்றைப் பகுத்துப் படிக்கும் திறன் இணையவழியில் குறைவுபட்டதாகக் கூற இயலாது. மின்படியைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்ததால், 2020-21இல் எம் மாணவர் சிலர் முந்தைய அணியினரினும் விரைந்து படித்தனர். (கைப்பேசியின் சிறு திரையை மட்டுமே நம்பியிருந்தோர்க்கு இவ்வாய்ப்பு முழுமையாகக் கிட்டவில்லை என்பதை மறைத்தல் கூடாது.)

ஆயின் மின்படி என்பது பிறர் உழைப்பின் பயன். கட்டை அவிழ்த்து, தூசு நீக்கி, ஒட்டிய ஏடுகளைப் பிரித்து, எழுத்துப் புலப்பட மை தடவி, எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி, ஏட்டெண் சரிபார்த்து ஒருவர் முன்னரே முடித்த பணி அது. மையேறாத ஏட்டை ஒளிக்குச் சாய்த்துப் பிடித்துக் கீறலைக் காணும் பழக்கம் திரையில் வருவதில்லை. எவ்வளவு வளைத்தால் ஏடு முறியும் என்பதும் தொட்டுப் பழகியே அறிய வேண்டுவது. 2022இல் நூலகத்தில் முதன்முறையாகச் சுவடிக்கட்டு ஒன்றைக் கையிலேந்திய மாணவி ஒருவர், "இதை நான் அவிழ்க்கலாமா ஐயா?" என அஞ்சி வினவினார். செய்முறைத் தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் அவர். அதனை வழங்கியவர் இக்கட்டுரையாளரே.

மதிப்பெண்ணை மறுப்பது பெருந்தொற்றின் பழியை மாணவர்மீது சுமத்துவதாகும் என்பது அன்று துறைக் கூட்டத்தில் வைக்கப்பட்ட வாதம். அது நேரிய வாதமே. எனினும் ஆசிரியர், மாணவர் ஆகிய இருவரை மட்டுமே அது கருத்திற்கொண்டது. சான்றிதழை நம்பிச் சுவடியைக் கையளிக்கும் காப்பாளரும் இருக்கிறார். மறுபடி உருவாக்க இயலாத அவ்வேடும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் முதலிய பட்டப்படிப்புகளை இணையவழியில் நடத்த மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இடந்தரவில்லை. அத்துறைகளில் நேரும் தீங்கு வெளிப்படை. முறிந்த ஏட்டிற்காக வழக்குத் தொடுப்பார் இல்லை.

மதிப்பெண்ணைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. படித்தல், கையாளுதல் என இரண்டாகப் பிரித்துப் பதிவதே நேர்மை எனத் தோன்றுகிறது. இரண்டாவது இடம் வெறுமையாக இருப்பது மாணவருக்கு இழிவன்று, பின்னர் நிரப்பிக்கொள்ளத்தக்கது. அம்மாணவிக்கு நூலகக் காப்பாளர் எழுதப்படாத பழைய ஓலைகளைக் கொடுத்து இரு கிழமைகள் பழக்கினார். அப்பயிற்சி எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறவில்லை.