அரைச் சுற்று

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தங்கரையில் கால் வைக்க இடமிராது. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து வந்து நீராடும் நாள் அது. ஈரப் படி வழுக்கும். வயது போனவர்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் தடவித் தடவி, ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். இலங்கையை எரித்த அனுமன் வாலில் மூண்ட நெருப்பை அணைத்தது இந்தக் குளத்தில்தான் என்பது ஐதீகம். கடலை ஒரே பாய்ச்சலில் தாண்டியவனின் குளத்தில் சனம் படிபடியாக இறங்குகிறது.

அந்தப் பாய்ச்சலுக்கு முன் கடற்கரையில் நடந்த பேச்சை வான்மீகி விரிவாகச் சொல்கிறார். யார் எவ்வளவு தூரம் தாவுவீர்கள் என்று அங்கதன் கேட்கிறான். ஒரு வானரன் பத்து யோசனை என்கிறான், அடுத்தவன் இருபது என்கிறான். இப்படியே ஏறி, கிழவனான சாம்பவான் தொண்ணூறில் நிற்கிறான். அங்கதன் நூறு தாவுவேன் என்கிறான். ஆனால் திரும்பி வர முடியுமா என்பதுதான் அவனுக்குச் சந்தேகம். அனுமனோ பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறான். சிறு வயதில் சூரியனைப் பழமென்று பாய்ந்து, இந்திரனின் வச்சிரத்தால் தாடை உடைந்து விழுந்தவன் அவன். அவனுடைய பலத்தைச் சாம்பவான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பத்து, இருபது, முப்பது என்று ஏறும் அந்தக் கணக்கு இன்று பனிமலைகளில் வேறு எண்களில் கேட்கிறது. பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து எழும்பி ஆகாயத்தில் சுழலும் விளையாட்டில், தொடக்கக்காரர் முதலில் பழகுவது 180 பாகை, அதாவது அரைச் சுற்று. பிறகு 360, 540, 720. முகத்தை முன்னே வைத்துக் கிளம்பி, பின்பக்கமாக இறங்குவது அரைச் சுற்று. உயரத்தைவிட, போகிற திசைக்கு முதுகு காட்டி நிலத்தைத் தொடும் அந்தக் கணம்தான் புதியவரைக் கலங்கடிக்கும். பதற்றத்தில் மேடையை விட்டு எழும்ப முன்னரே தோளைத் திருப்பிவிடுவார்கள், சுழற்சி கோணிப்போகும். மேடையின் விளிம்பு வரை பொறுத்திரு, தலையும் தோளும் முதலில் திரும்பட்டும், உடம்பு பின்னால் வரும் என்பதே பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம்.

2022 பெப்ரவரி 8ஆம் திகதி, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், 18 வயதுப் பனிச்சறுக்கு வீராங்கனை ஐலீன் கூ கடைசிப் பாய்ச்சலுக்காக மேலே நின்றார். 1440 போதும், பதக்கம் உறுதி என்றார் தொலைபேசியில் தாய். போட்டியில் அதுவரை ஒருபோதும் செய்யாத 1620ஐச் செய்யப்போகிறேன் என்றார் மகள். செய்தார். 188.25 புள்ளிகளுடன் தங்கம் அவருக்கு; 187.50 எடுத்த பிரான்சின் தெஸ் லெது வெள்ளி பெற்றார். 1620இலிருந்து 1440ஐக் கழித்தால் மீதி 180. தொடக்கக்காரர் முதல் நாளில் பழகும் அரைச் சுற்று அது.

இந்தக் கழித்தல் கணக்கு சைவத்தின் பழைய கேள்வி ஒன்றைத் திறந்துவிடுகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. கோயில் கூட்டுவதும் பூத்தொடுப்பதும் சரியை. பூசை கிரியை. மனத்தை ஒடுக்கி உள்ளே காண்பது யோகம். கடைசிப் படி ஞானம். இவற்றைச் சோபானம், அதாவது படிக்கட்டு என்று சொல்வது வழக்கம். அப்படியானால் மேல்படியில் நிற்பவருக்குக் கீழ்ப்படி எதற்கு? ஞானம் கைகூடியவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிடலாமா?

படிக்கட்டு என்ற உவமை, போட்டுவிடலாம் என்று சொல்ல இடம் கொடுக்கிறது. தாயுமானவர் அதைவிட நுட்பமான உவமையை எடுத்தார்: அரும்பு, மலர், காய், கனி. ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. இடையில் எதையும் தாண்ட முடியாது. ஆனாலும் கனிந்த பிறகு அரும்பைத் தேடினால் கிடைக்காது. உடம்பால் பழகும் வித்தையில் நடப்பது அப்படியில்லை. 1620இல் அரைச் சுற்று ஒன்பது தடவை இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

இதைப் பார்க்கப் பனிமலை வரை போகத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையில் வடமோடிக் கூத்துப் பழகும் களரிக்குப் போனால் போதும். கூத்துத் தொடங்குவது சட்டம் கொடுத்தலில். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானமாகி, அவரவர் பாட்டும் வசனமும் கைக்கு வரும். பிறகு பழக்கம். பொடியன் காலைத் தூக்கி வைக்கிறான். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு வாயால் தாளத்தைச் சொல்கிறார். குதி நிலத்தில் விழவேண்டிய அட்சரம் தவறிவிட்டது. மீண்டும் முதலிலிருந்து. இப்படி மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் எட்டுப் போடுவது, வீசாணம், பாய்ச்சல் என்ற ஆட்ட வகைகள் வசப்படும். இடையில் சதங்கை அணி விழா; அன்றைக்குத்தான் காலில் சதங்கை ஏறும். அதன்பிறகு கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியாக வட்டக்களரியில் அரங்கேற்றம்.

அரங்கேற்றத்தில் ராசா வேடக்காரரின் உடம்பில் கரப்புடுப்பு இருக்கும். கூடைபோல் விரிந்து நிற்கும் பாரமான உடை. வெறும் உடம்போடு பழகிய சுழற்சியை அந்தப் பாரத்தோடு சுழல வேண்டும், அதுவும் நடுச்சாமத்தில், பாட்டும் பாடிக்கொண்டு. உடை இழுக்கும் திசைக்கு உடம்பு சாயும். அந்நேரத்தில் ஆட்டக்காரரைத் தாங்குவது முதல் மாதத்தில் மண்ணில் பதித்த குதிமிதிதான். தேர்ந்த அண்ணாவியார் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. படி என்ற பேச்சு மனிதரைக் கீழேயே நிறுத்தி வைக்கவும் உதவியிருக்கிறது. உனக்குக் கூட்டுவதும் கழுவுவதும் போதும், ஞானம் எங்களுக்கு என்று சொல்ல அது வசதியான சொல். கூத்துக் களரியிலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். ஊர்ப் பெண்களுக்கு முதல் மிதியே மறுக்கப்பட்டிருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அவரது இராவணேசன் கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பின் கூத்தை ஆராய்ந்தும் ஆட்டுவித்தும் வந்தார். பல்கலைக்கழக மேடைகளில் பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். முதல் படியை ஒருவருக்கு மறைத்துவிட்டு, மேல்படிக்கு நீ தகுதியில்லை என்று சொல்வது பெரிய அநியாயம். படிமுறையை நம்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடிப்படி எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்பதே.

இன்னொரு எதிர்வாதம் ஞானசம்பந்தர். மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பாடியவர் எந்தப் படியில் ஏறினார்? சித்தாந்திகள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சாமுசித்தர். முற்பிறவிகளில் சரியை முதலானவற்றை முடித்துக்கொண்டு பிறந்தவர். இதைச் சமாளிப்பு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பாய்ச்சலைப் பார்க்கிறவருக்கும் பழக்கத்தைப் பார்க்கிறவருக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. அரங்கேற்றத்துக்கு மட்டும் வந்தவருக்கு வீசாணம் வானத்திலிருந்து விழுந்த வரமாகவே தோன்றும்.

பாய்ச்சலுக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பழக்கத்தைப் பனிச்சறுக்கிலும் பார்க்கலாம். அவுஸ்திரேலியப் பனிச்சறுக்கு வீராங்கனை லிடியா லசிலா ஜிம்னாஸ்டிக் பழகி வளர்ந்தவர். 2006 தூரின் ஒலிம்பிக்கில் முழங்கால் போய் விழுந்தார். 2010 வன்கூவரில் தங்கம் வென்றார். 2014 சோச்சியில், ஆகாயத்தில் மூன்று குட்டிக்கரணமும் அவற்றுக்குள் நான்கு முறுக்குச் சுற்றுமாக, அதுவரை பெண்கள் போட்டியில் முயலாத ஒன்றை இறுதிச் சுற்றில் எடுத்தார். இறங்கும்போது நிலை தவறியது, கிடைத்தது வெண்கலம். இவ்வகை வீரர்கள் புதிய வித்தையைப் பனியில் முயல முன், சறுக்குமேடையிலிருந்து நீச்சல் குளத்துக்குள் நூற்றுக்கணக்கான தடவை பாய்ந்து பழகுகிறார்கள். பலகை கட்டிய காலோடு தண்ணீரில் விழுந்து, கரையேறி, மேடையின் படிகளில் நடந்து மேலே போய், மறுபடி விழுகிறார்கள். பனி பெய்யாத பிரிஸ்பேனில்கூட இப்போது அப்படியொரு குளம் இருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவரும் அதே படிகளில்தான் ஏறுகிறார்.

சைவர்கள் சரியைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது திருநாவுக்கரசரை. நால்வரில் அவருக்கு அடிப்படி என்று யாராவது நினைத்தால், திருப்புகலூரில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்வதைப் பார்க்க வேண்டும். வாழ்நாளின் இறுதிக்காலம். அவர் உழவாரத்தால் புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிர்கின்றன. பருக்கைக் கற்களை எப்படி எடுப்பாரோ அப்படியே உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிகிறார். மட்டக்களப்பார் தங்கள் நீர்ப்பரப்புக்கு வழங்கும் அதே சொல், வாவி. ஞானத்தின் உச்சியில் நிற்கிற அந்தத் தருணத்திலும் அவர் கையில் இருப்பது முதல் நாள் எடுத்த உழவாரம். பொன்னையும் கல்லையும் ஒன்றாகக் காணும் கண் அந்தப் புல்செதுக்கலுக்குள்ளேயே வளர்ந்தது.

கூத்து அரங்கேறி, வீட்டுக்கு வீடு ஆடி முடிந்ததும் கரப்புடுப்பைக் கழற்றி வைப்பார்கள். அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுத்து மறுபடி பழக்கம் தொடங்கும்போது, போன முறை ராசாவாக நின்றவரும் வெறுங்காலோடு, புதிதாக வந்த பொடியன்களோடு வட்டத்தில் நிற்கிறார். அண்ணாவியார் மத்தளத்தில் முதல் தாளத்தைத் தட்டுகிறார்.