ஈகையா, ஒப்புரவா?

திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23-ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவை. ஆனாலும் வள்ளுவர் அவற்றை ஒன்றாகச் சேர்க்கவில்லை. வறியவருக்கு இரங்கித் தருவது ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்பவர் ஊருக்குச் செய்யக் கடமைப்பட்டது ஒப்புரவு. முதலாவதில் தவறுபவரைக் கஞ்சர் என்று சொல்லி விட்டுவிடலாம். இரண்டாவதில் தவறுபவர் தம் பங்கைத் தராமல் ஏய்த்தவர். பார்வையற்றோர் கணினியைக் கையாள உதவும் கட்டற்ற மென்பொருளுக்குத் தரும் பணம் இவற்றுள் எந்தக் கணக்கில் சேரும்?

பார்வையற்றவர் கணினியைத் திரைவாசிப்பான் வழியே பயன்படுத்துகிறார். திரையில் என்ன இருக்கிறது என்பதை உலாவியிடமும் பிற செயலிகளிடமும் கேட்டறிந்து, குரலாகவோ பிரெய்ல் புள்ளிகளாகவோ தருவது அதன் வேலை. ஒரு பொத்தானுக்கு நிரலர் பெயர் வைக்க மறந்திருந்தால் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். பணம் அனுப்புவதா, அழிப்பதா என்பது தெரியாது. திரைவாசிப்பானே இல்லையென்றால் படிப்பு, வேலை, ரயில் முன்பதிவு அனைத்துக்கும் இன்னொருவர் கண்ணை நம்ப வேண்டும். வங்கியின் கடவுச்சொல்லைக்கூட அவரிடம் சொல்லியாக வேண்டும்.

விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலம் கோலோச்சிய ஜாஸ் திரைவாசிப்பானின் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. கணினியின் விலையைவிட அதைப் பேசவைக்கும் மென்பொருளின் விலை கூடுதலாக இருந்ததும் உண்டு. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைத் தாமே எழுதத் தொடங்கினார். சிறுவயதில் இசை முகாமொன்றில் நண்பரான ஜேம்ஸ் டெஹ்ஹும் சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். இருவரும் என்வி ஆக்சஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினர். கண் தெரிந்தவர் கணினிக்குத் தருவதற்கு மேல் ஒரு காசும் கண் தெரியாதவர் தரக்கூடாது என்பதே அவர்கள் கொள்கை. என்விடிஏ யாருக்கும் இலவசம். அதன் நிரலை யாரும் திருத்தலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைக்கிறது, தமிழிலும்கூட. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற கட்டற்ற பேச்சொலி மென்பொருள் தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமானதுதான், ஆனால் அதற்கும் விலை இல்லை.

விலை வைத்து விற்பது அறமற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஜாஸை உருவாக்கிய டெட் ஹென்டரும் விபத்தில் பார்வை இழந்தவரே. விற்ற பணம் நிரலர்களுக்குச் சம்பளமானது, பயனர்களுக்கு உதவியும் பயிற்சியும் ஆனது. அரசோ வேலை தருபவரோ வாங்கித் தரும் இடங்களில் அந்த விலை பார்வையற்றவரை வாட்டுவதில்லை. வாங்கித் தர ஆளில்லாத இடத்தில் அதே விலை, கண் தெரியாமைக்கு விதித்த வரியாகிவிடுகிறது. குறை விற்பவரிடம் இல்லை. அந்தச் செலவை யார் தலையில் இறக்கி வைத்தோம் என்பதில் இருக்கிறது.

இலவசம் என்பதற்காகச் செலவே இல்லை என்றாகிவிடாது. உலாவிக்குப் புதிய பதிப்பு வருகிறது, விண்டோஸ் மாறுகிறது, நேற்று வாசித்த பக்கம் இன்று ஊமையாகிறது. அதை யாராவது அன்றாடம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் பார்வையற்ற நிரலரே என்றால், கூலியில்லாமல் தம் வழியைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளும்படி அவரை விட்டுவிட்டோம் என்று பொருள்.

ஒரு நிறுவனத்தின் கொடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் திரைவாசிப்பானான ஓர்கா சாட்சி. அதை வளர்த்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. சில வாரங்களில் ஓர்காவின் தலைமை நிரலர் வில்லி வாக்கர் வேலையிழந்தார். தன்னார்வலராக இருந்த ஜோன்மேரி டிக்ஸ் பொறுப்பை ஏற்றதால் ஓர்கா பிழைத்தது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் ஏற்கவும் முடிந்தது. ஆனால் திறந்த நிரல் ஒருவருக்கும் சம்பளம் தராது. ஒரு நிறுவனத்தின் மனம் மாறியதும் ஆயிரக்கணக்கானோரின் வாசிப்பு ஒற்றை ஆளின் தோளில் வந்து நின்றது.

அப்படியானால் யார் தர வேண்டும்? முதலில், திரையை உருவாக்கி விற்பவர்கள். படிக்கட்டு மட்டும் கட்டியவர் சாய்தளத்துக்கும் பொறுப்பு. மொசில்லா, மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவை என்விடிஏவுக்கு நிதி தந்திருக்கின்றன. தருபவர் கை ஓங்கிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. பலரிடமிருந்து, நிபந்தனையின்றி, ஆண்டுக்கணக்கில் வரும் பணமே அதற்கு மாற்று. அடுத்து அரசுகள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, இத்தகைய தொழில்நுட்பம் எட்டும் விலையில் கிடைக்க முயல்வதை அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அதை ஏற்ற நாடுகள். ஜெர்மனியின் அரசு நிதியமான சாவரின் டெக் ஃபண்ட், ஓர்கா இடம்பெறும் க்னோம் திட்டத்துக்கு 2023-இல் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது. அணுகல் வசதிகளை மேம்படுத்துவதும் அதில் அடங்கும். அரசுகளால் முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

பொதுவானதைக் கூடிப் பராமரிப்பது நமக்குப் புதிதல்ல. தமிழக ஊர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. ஏரியில் சேர்ந்த வண்டலை ஊரார் கூடித் தூர்வாருவார்கள். ஏரி யாருக்கும் தனிச் சொத்தில்லை. ஆகவே பராமரிப்பு எல்லோர் பொறுப்பு. அதில் கைகொடுத்தவரை வள்ளல் என்று யாரும் புகழவில்லை. கட்டற்ற திரைவாசிப்பானுக்குத் தரும் பணமும் ஒப்புரவின் கணக்கிலேயே சேரும்.

என்விடிஏவை இலவசமாக நிறுவிக்கொண்ட கல்லூரிகளும் அலுவலகங்களும் நூலகங்களும் நம்மிடையே உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்கும் அவை, வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு அடுத்த வரியில் இதற்கும் ஒரு தொகை எழுதட்டும். நன்கொடை என்ற தலைப்பில் வேண்டாம்; பராமரிப்புச் செலவு என்ற தலைப்பில்.