மச்சாவதார ஊரில் ஒரு தூண்டில் கேள்வி

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் சுருட்டப்பள்ளி, அதற்கும் அப்பால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. இங்கே கருவறையில் நிற்கும் வேதநாராயணர் இடுப்புக்குக் கீழே மீன். அசுரன் கடலில் ஒளித்த வேதங்களை மீட்கப் பெருமாள் எடுத்த வடிவம் என்கிறது தலபுராணம்.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி. அங்கே பல ஊர்களுக்கு வலைதான் சோறு. மீனைக் கும்பிடுவதும் மீனைப் பிடிப்பதும் ஒரே மண்ணில் சச்சரவில்லாமல் நடந்து வருகின்றன. காளத்தியில் வேட்டை இறைச்சியைச் சிவனுக்கு ஊட்டிய கண்ணப்பரோ அறுபத்து மூவரில் ஒருவர். பசிக்காகவும் பிழைப்புக்காகவும் உயிரைக் கொல்பவனை இந்த மரபு வாசலிலேயே நிறுத்திவிடவில்லை.

சிக்கல் விளையாட்டில்தான் வருகிறது.

அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் மீனை மயக்க ஒரு சாண் நீளத்துக்குப் பொய் மீன் செய்கிறார்கள். ஐம்பது, நூறு கிராம் எடையுள்ள இரை. நம் பக்கம் விராலுக்கு ரப்பர் தவளையும் கொடுவாவுக்குப் பொய் மீனும் வீசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பிடித்து, படம் எடுத்து, தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இவ்வளவு கனமான இரையை வீச எந்த ராட், அதாவது தூண்டில் கழி, வாங்கலாம் என்பது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாகத்தான் தெரியும். மீனின் பக்கம் நின்று பார்த்தால் அது தர்மக் கேள்வி.

ராட்டின் அடிப்பகுதியில் அது தாங்கும் இரையின் எடை அச்சிட்டிருக்கும். இருபது கிராமுக்கு மேல் தாங்காத மெல்லிய கழியில் பெரிய இரையைக் கட்டினால் வீசவும் வராது, மாட்டிய மீனைச் சட்டென்று கரைக்கு இழுக்கவும் முடியாது. போராட்டம் நீளும். நீள நீள மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். கோடையில் ஏரி சூடேறி ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது, விடுவித்த மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகக்கூடும். அதனால்தான் ஏழரை, எட்டடி நீளமும் நல்ல உறுதியும் உள்ள கழி வேண்டும் என்கிறார்கள். நுனி மட்டும் சற்று வளைந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முள் வாயைக் கிழித்துவிடும். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் எளிது.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 2003இல் லின் ஸ்னெடனின் ஆய்வுக் குழுவினர் டிரௌட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். சில மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக்கற்களில் உதட்டைத் தேய்த்தன. மீன் அதை எப்படி உணர்கிறது என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த உதட்டுத் தேய்ப்பைப் படித்த பிறகு, வலியே இல்லை என்று சொல்ல மனம் வராது.

பிடித்ததைத் தண்ணீரில் விடுவது நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் தம் வலையில் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். நாளெல்லாம் வீசி ஒரே மீன் பட்ட நாளிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார் என்கிறது பெரியபுராணம். விட்டது அவருக்கு வேண்டிய மீன். விளையாட்டுக்காரர் விடுவது முதலிலிருந்தே அவருக்கு வேண்டாத மீன். இரண்டையும் ஒரே கருணை என்று எண்ணிக்கொள்வது சரியல்ல. விடுவதற்காகவே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்துச் சட்டம் தடுத்திருப்பதற்கும் இதை ஒட்டிய நியாயமே காரணம்: தின்னப் போவதில்லை என்றால் அந்த உயிரை ஏன் வதைக்க வேண்டும்?

நல்ல ராட் வதையின் நேரத்தைக் குறைக்கும். அதற்காகவாவது வலுவானதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் தூண்டில் போடலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதைக் கடைக்குள் நுழையும் முன்பே யோசித்துவிட வேண்டும். வீட்டுக் குழம்புக்கு ஒரு விரால் என்றால் மூங்கில் கழியும் தங்கூசியுமே போதும்.